எரு மட்கும்போது அதிலுள்ள ஹார்மோன்கள் என்ன ஆகின்றன? நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

உங்கள் வீட்டில் மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் மாத்திரை உட்கொள்பவர் ஒருவர் இருக்கலாம். கருவுற்ற பெண்ணோ பால் குடிக்கும் குழந்தையோ இருக்கலாம். கொல்லையில் மாட்டுக் கொட்டகையும் எருக்குழியும் இருக்கலாம். சாணத்தில் ஹார்மோன் உண்டு, அது கிணற்று நீரிலும் கீரையிலும் கலந்துவிடும் என்று யாரேனும் சொல்லக் கேட்டு, எருவிட்ட காய்கறியை நிறுத்தலாமா, மாட்டை விற்றுவிடலாமா என்று நீங்கள் எண்ணியிருக்கவும் கூடும். அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். சாணத்தில் ஹார்மோன் இருப்பது உண்மை. நன்கு மட்கிய எருவில் அது பெருமளவு குறைகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எருவின் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு, நீரில் எளிதில் பிரியாத நிலையை அடைகிறது. அரைகுறையாக மட்கிய எருவிலிருந்து மழைக்காலத்தில் வடியும் பழுப்பு நீரே கவனத்திற்கு உரியது. அந்த நீரிலும் நோயாளிக்கு உடனடித் தீங்கு தருபவை ஹார்மோன்கள் அல்ல; கிருமிகளும் நைட்ரேட்டுமே.

ஹார்மோன் எருவுக்குள் எவ்வாறு வருகிறது?

எந்தப் பெண் விலங்கின் உடலும் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் கல்லீரல் அவற்றை மாற்றிக் கழிவாக அனுப்புகிறது. மாடுகளில் இக்கழிவின் பெரும்பங்கு சாணத்தின் வழியாகவும், பன்றிகளில் பெரும்பங்கு சிறுநீரின் வழியாகவும் வெளியேறுகிறது. சினை மாட்டின் சாணத்தில், குறிப்பாகக் கடைசி மாதங்களில், அளவு பன்மடங்கு கூடும். முட்டையிடும் கோழியின் எச்சத்தில் ஈஸ்ட்ரடயாலும் டெஸ்டோஸ்டிரோனும் உள்ளன. இவை அனைத்தும் இயற்கையானவை. எவரும் ஊசி போட்டு ஏற்றியவை அல்ல. பிராய்லர் கோழி ஹார்மோன் ஊசியால்தான் விரைவாக வளர்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. அவ்வளர்ச்சிக்குக் காரணம் பல தலைமுறை இனத்தேர்வும் தீவனமுமே. கோழிப்பண்ணையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமாயின், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் மிகைப் பயன்பாட்டைப் பற்றிக் கவலைப்படலாம். அது தனியே பேச வேண்டிய பொருள்.

கல்லீரல் ஹார்மோனை அனுப்பும்போது அதனோடு ஒரு சர்க்கரை மூலக்கூறையோ சல்பேட்டையோ பூட்டி அனுப்புகிறது. பூட்டிய நிலையில் அது செயலற்றது. நீரில் எளிதில் கரையும். சாணத்திலுள்ள பாக்டீரியாக்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகின்றன. எனவே புதுச் சாணத்தைக் குவித்த சில நாட்களில் செயல்திறனுள்ள ஹார்மோன் சற்றுக் கூடவும் செய்யலாம். புது எருவை உடனே வயலுக்கு அடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மட்கும் குவியலுக்குள் நடப்பவை

காற்றும் ஈரமும் சரியாக உள்ள குவியலில் நுண்ணுயிரிகள் பெருகும்போது உள்வெப்பம் 55 பாகை செல்சியசையும் கடக்கும். கையை உள்ளே விட இயலாத அந்தச் சூட்டில் இரண்டு செயல்கள் ஒருசேர நடக்கின்றன.

முதலாவது சிதைவு. காற்று வாழ் நுண்ணுயிரிகள் ஈஸ்ட்ரடயாலை முதலில் ஈஸ்ட்ரோன் என்னும் ஆற்றல் குறைந்த வடிவமாக மாற்றுகின்றன. பின் அதையும் படிப்படியாக உடைக்கின்றன. காற்றில்லாத இடத்தில் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். சில வேளைகளில் ஈஸ்ட்ரோன் மீண்டும் ஈஸ்ட்ரடயாலாகத் திரும்புவதும் உண்டு.

இரண்டாவது பிணைப்பு. ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறு கொழுப்பின் இயல்புடையது. நீரைவிட எண்ணெய்ப் பசையுள்ள பொருளையே அது நாடும். எரு மட்க மட்க, எளிதில் செரிக்கும் சர்க்கரையும் புரதமும் தீர்ந்து, கருமையான, நெருக்கமான மட்குப் பொருள் மிஞ்சுகிறது. வளைய வடிவக் கரிமக் கட்டமைப்புகள் நிறைந்த அந்த மட்கு, தன்னைப் போன்றே வளையங்களால் ஆன ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் அது மேற்பரப்பில் ஒட்டுகிறது. நாள் செல்லச் செல்ல உட்புழைகளில் நுழைந்து, சில இடங்களில் வேதிப்பிணைப்பாகவே இறுகிவிடுகிறது. நீர் வடிகட்டியிலுள்ள கரித்துண்டு மாசை உறிஞ்சிக்கொள்வதும் ஏறத்தாழ இத்தகைய செயலே.

அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் முட்டைக் கோழியின் எருவை வைக்கோல், இலைச்சருகு முதலியவற்றோடு கலந்து 139 நாட்கள் மட்கவைத்து, 2005ஆம் ஆண்டு அதன் முடிவை வெளியிட்டனர். ஒரு கிராம் எருவில் நீரில் கரையக்கூடிய ஈஸ்ட்ரடயால் 83 நானோகிராமிலிருந்து 13 ஆகவும், டெஸ்டோஸ்டிரோன் 115 நானோகிராமிலிருந்து 11 ஆகவும் குறைந்தன. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்த எண்களைப் படிக்கும்போது "நீரில் கரையக்கூடிய" என்ற சொற்களைத் தவறவிடாதீர்கள். குறைந்தது அந்தப் பகுதியே. குறைந்தது எல்லாம் அழிந்ததா, அல்லது மட்கோடு பிணைந்து நீருக்கு அகப்படாமல் போனதா? பின்னர், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரடயாலைக் கோழி எருவில் கலந்து நடத்திய ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு வாயுவாக முற்றிலும் எரிந்து போனது மிகச் சிறு பங்கே என்று தெரியவந்தது. பெரும்பங்கு உருமாறியோ பிணைந்தோ எருவுக்குள்ளேயே தங்கியது. எனவே எருவை மட்கவைப்பது ஹார்மோனை அழிக்கும் உலை என்று சொல்வது சரியாகாது. ஒரு பகுதியை உடைக்கிறது, மறுபகுதியைக் கட்டிப்போடுகிறது என்பதே பொருத்தம். கட்டுண்ட ஹார்மோன் வயலுக்குச் சென்றபின், காற்றோட்டமுள்ள மேல்மண்ணின் நுண்ணுயிரிகள் சிறுகச் சிறுக விடுபடுவதை உண்டு தீர்க்கின்றன. காற்றோட்டமுள்ள மண்ணில் கட்டற்ற ஈஸ்ட்ரடயால் பாதியாகக் குறைய பெரும்பாலும் சில நாட்களே போதும்.

பழுப்பு நீர்

பிணைப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எருவின் கரிமப் பொருள் எல்லாமே திடமாக இருப்பதில்லை. எருக்குழியில் மழை பெய்தால் தேநீர் நிறத்தில் ஒரு நீர் வடியும். அந்த நிறம் கரைந்த கரிமப் பொருளின் நிறம். ஹார்மோன் திட மட்கோடு ஒட்டுவதுபோல் இந்தக் கரைந்த பொருளோடும் ஒட்டும். திட மட்கோடு ஒட்டியது இருந்த இடத்தில் இருக்கும். கரைந்த பொருளோடு ஒட்டியது நீரோடு பயணம் செய்யும். தானாகச் சென்றால் மண்ணில் சிக்கிவிடக்கூடிய மூலக்கூறை இந்த நீர் சுமந்துகொண்டு வாய்க்கால் வரை போகிறது. புதிய, அரைகுறையாக மட்கிய எருவில் கரைந்த கரிமப் பொருள் மிகுதி. முதிர்ந்த எருவில் குறைவு. ஆகவே எத்தனை நாள் மட்கியது என்பதைப் போலவே, அதில் எவ்வளவு பழுப்பு நீர் வடிகிறது என்பதும் முக்கியம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் நில அமைப்பில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. குளத்தூர் என்ற பெயரிலேயே குளம் இருக்கிறது. மழைநீர் வயல் வயலாக வழிந்து, வரத்து வாரிகளின் வழியே கண்மாய்க்கும் குளத்துக்கும் ஊரணிக்கும் சேர்வதே இப்பகுதியின் நீர் வாழ்வு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் வரத்து வாரியின் ஓரம் எரு குவித்திருந்தால், அதன் பழுப்பு நீர் தடையின்றிக் குளம் சேரும். கோடையில் அதே குளத்தின் மீனைத்தான் ஊரார் பிடித்து உண்கிறார்கள்.

மீன்களுக்கு இந்த மாசு எவ்வளவு நுண்ணிய அளவிலும் தீங்கு செய்யும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரியொன்றில் 2001 முதல் 2003 வரை நடந்த சோதனை காட்டியது. கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் என்ற அளவில் அந்த ஏரியில் கலந்தனர். ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்கான புரதம் உருவாயிற்று. சிறு மீன் இனமொன்று அந்த ஏரியில் அழியும் நிலைக்கு வந்தது. சாணத்திலுள்ள இயற்கை ஈஸ்ட்ரோஜன் அந்தச் செயற்கை வகையைவிட ஆற்றல் குறைந்தது. மாட்டுச் சாணத்தில் மிகுந்திருக்கும் வடிவம் இன்னும் குறைந்தது. ஆயினும் இரவும் பகலும் அந்நீரிலேயே மூச்சுவிடும் உயிருக்குச் சிறு அளவும் பெரிது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், கோழி எருவைப் பெருமளவு நிலத்தில் இடும் சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் ஊற்றுகளில், ஈஸ்ட்ரடயால் லிட்டருக்கு 6 முதல் 66 நானோகிராம் வரை இருந்ததாக 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறியது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும் என்பதால் அங்கு அளவு கூடியது.

உங்கள் உடலுக்கு இது எவ்வளவு?

மீனுக்குப் பெரிதாக இருக்கும் அளவு மனிதருக்கு எத்தகையது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு குடிநீரில் ஈஸ்ட்ரடயாலைக் கண்காணிக்க வேண்டிய பொருள்களுள் சேர்த்து, லிட்டருக்கு 1 நானோகிராம் என்ற வழிகாட்டு அளவை வைத்தது. உணவு வழியாக நாள்தோறும் உட்கொண்டாலும் பாதிப்பில்லாத அளவாக, உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு, கிலோகிராம் உடல் எடைக்கு 50 நானோகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 500 நானோகிராம். ஆர்கன்சா ஊற்றின் மிக உயர்ந்த அளவுள்ள நீரில் ஒரு லிட்டரை அக்குழந்தை குடித்தாலும் 66 நானோகிராமே சேரும். 50 கிலோ எடையுள்ள பெண் இரண்டு லிட்டர் குடித்தால் சேர்வது 132. அவருக்கான எல்லை 2,500.

மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலும் கொழுப்புத் திசுக்களில் நாள்தோறும் மைக்ரோகிராம் கணக்கில் ஈஸ்ட்ரோஜனை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம். லெட்ரோசோல் போன்ற மருந்து தடுப்பது அந்த உற்பத்தியைத்தான். டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் போய் அமரும் இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. மேலும் வாய்வழி உட்செல்லும் இயற்கை ஈஸ்ட்ரடயாலில் பெரும்பங்கைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது. எனவே எருவிட்ட நிலத்தின் காய்கறி உங்கள் சிகிச்சையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி உணவைக் குறைக்க வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் கீரை, பருப்பு, முட்டை இவற்றை ஹார்மோன் அச்சத்தால் ஒதுக்கி உடல் மெலிவது மெய்யான தீங்கு. எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

நீரைக் காய்ச்சிக் குடிப்பது கிருமிகளைக் கொல்லும், ஹார்மோனை அகற்றாது. கரி வடிகட்டி, முன்னர் கூறிய அதே பிணைப்பினால், அதைக் குறைக்கும்.

நோயாளி உள்ள வீட்டில் எருவைக் கையாளுதல்

எருக்குழியின் பழுப்பு நீர் கிணற்றைச் சேர்ந்தால் முதலில் தெரியும் கேடு நைட்ரேட். இந்தியக் குடிநீர்த் தரம் இதற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்று எல்லை வகுத்துள்ளது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதற்கு மேற்பட்ட நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். காய்ச்சுவதால் நைட்ரேட் குறையாது. நீர் வற்றுவதால் செறிவு கூடும். கொட்டகைக்கு அருகில் கிணறு உள்ள வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் வரை இந்தக் கவலை எழாது.

புற்றுநோய் மருந்தேற்றம் நடப்பவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோர் எருக்குழியைக் கிளறவோ, சாணத்தை வெறுங்கையால் அள்ளவோ கூடாது. அவர்களுடைய எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் நாட்களில் சாணத்திலுள்ள சால்மோனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகளும், காய்ந்த எருத் தூசியிலுள்ள பூஞ்சை விதைகளும் உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர் கொட்டகையில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. தனுர்வாயுக் கிருமி சாணத்திலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் வாழும். தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பது நினைவில்லையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கரு கலைந்த ஆடு, மாட்டின் நஞ்சுக்கொடியை எருக்குழியில் எறியும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் புருசெல்லா கிருமி இருக்கக்கூடும்; கருவுற்ற பெண்கள் அருகே செல்லவே கூடாது. வேறொருவர் கையுறை அணிந்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கட்டும்.

எருவை நன்கு மட்கவைப்பது இவ்வெல்லாவற்றுக்கும் ஒருசேர உதவும். நம் வீடுகளின் வழக்கமான எருக்குழி, கொட்டிக்கொண்டே போய் ஆடியில் அள்ளுவது. மேலடுக்கு புதியதாகவும் அடியடுக்கு காற்றின்றிச் சேறாகவும் இருக்கும். நடுவில்தான் ஓரளவு மட்கியிருக்கும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் 1931ஆம் ஆண்டுக்குள் உருவாக்கிய இந்தூர் முறையின் உயிர்நாடி, குவியலைப் புரட்டிக் காற்றூட்டுவது. 1939இல் சி. என். ஆச்சார்யா வகுத்த பெங்களூர் முறையில் குழியை மூடி விட்டுவிடுவார்கள். உழைப்பு மிச்சம், ஆனால் காற்று குறைவு. ஹார்மோனைக் குறைக்க வேண்டுமென்றால் இந்தூர் முறையே ஏற்றது.

மேடான இடத்தில், இடுப்புயரக் குவியலாகச் சாணத்தையும் வைக்கோல் கழிவு, இலைச்சருகு, தென்னை நார்க்கழிவு போன்றவற்றையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் சொட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிப்பகுதி உள்ளே செல்லுமாறு புரட்டுங்கள். நான்கு மாதம் கழித்துச் சூடு முற்றிலும் அடங்கி, சாண நாற்றம் போய், மண் மணம் வந்திருந்தால் எரு முதிர்ந்துவிட்டது. மாசியில் தொடங்கினால் ஆடி விதைப்புக்குக் கிடைக்கும். மழைக்காலத்தில் கீற்றுப் பின்னலோ தார்ப்பாயோ கொண்டு மூடுவதும், சுற்றிலும் சிறு வரப்பு கட்டிப் பழுப்பு நீரைத் தேக்கி மீண்டும் குவியலிலேயே ஊற்றுவதும், புரட்டுவதைப் போலவே இன்றியமையாதவை. கிணறு, ஊரணி, வரத்து வாரி ஆகியவற்றின் மேட்டுப் பக்கத்தில் குவிக்காதீர்கள். முறைகளை நேரில் அறிய விரும்புவோர் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வயலில் ஆட்டுக்கிடை போடுவதைக் கைவிட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. கோடையில் காய்ந்த வயலில் புழுக்கை பரவலாக விழுவதால், மழைக்கு முன் மண் தன் வேலையைச் செய்துவிடும். பருவமழை தொடங்கிய பின், குளத்தை ஒட்டிய வயலில் கிடை போடுவதை மட்டும் தவிருங்கள். பச்சை எருவிட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் கீரை, முள்ளங்கி போன்றவற்றை 120 நாட்களுக்குப் பிறகும், மண்ணைத் தொடாத காய்களை 90 நாட்களுக்குப் பிறகும் அறுவடை செய்வது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நோயாளி உள்ள வீட்டுக்கு இது நல்ல அளவுகோல். கீரையை ஓடும் நீரில் மண் போகக் கழுவி, வேகவைத்தே கொடுங்கள்.

மீந்துபோன ஹார்மோன் மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், காலாவதியான ஊசி மருந்துகள் ஆகியவற்றை எருக்குழியில் போடாதீர்கள், கழிப்பறையிலும் கொட்டாதீர்கள். ஒரு மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் மட்டும் பல மைக்ரோகிராம். குவியலின் சூட்டையும் நுண்ணுயிரிகளையும் இயற்கை ஹார்மோனைவிட நெடுநாள் தாங்கும். மருந்து வாங்கிய அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். சாணம் கையாண்டவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, ஆறாத புண், தாடை இறுக்கம் இவற்றில் ஏதேனும் தோன்றினால், வீட்டில் கால்நடை இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். தாடை இறுக்கமோ குழந்தையின் உதடு நீலம் பாரிப்பதோ கண்டால் காத்திராமல் உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள். மற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.